ஃபிஜியின் 99-ஆம் பிரிவு

2001 செப்டம்பரில் ஃபிஜியின் பிரதமர் லைசெனியா கராசே, தொழிற்கட்சித் தலைவர் மகேந்திர சவுத்ரிக்கு ஒரு கடிதம் எழுதினார். என் அமைச்சரவையில் உங்கள் கட்சியும் இடம்பெற வேண்டும் என்று அழைத்தது அந்தக் கடிதம். நம் இரு கட்சிகளின் கொள்கைகளும் வெகுதூரம் விலகி நிற்கின்றன, சேர்ந்து ஆள்வதற்கு அடிப்படையே இல்லை, நீங்கள் மறுப்பதே நல்லது என்ற கருத்தும் அதே கடிதத்தில் இருந்தது. அழைக்காமல் இருந்துவிட அவருக்கு வழியில்லை. நாடாளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் பெற்ற எந்தக் கட்சியையும், அதன் பலத்துக்கேற்ற அளவில், அமைச்சரவைக்கு அழைத்தே ஆகவேண்டும் என்று 1997 அரசியல் சாசனத்தின் 99-ஆம் பிரிவு பிரதமரைக் கட்டிப்போட்டிருந்தது. சவுத்ரி ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். கூட்டு அமைச்சரவை எப்படி நடக்கவேண்டும் என்று கட்சித் தலைவர்கள் 1999-இல் வகுத்துக்கொண்ட கொரோலெவு பிரகடனத்தை அதில் குறிப்பிட்டிருந்தார். அந்தக் குறிப்பையே நிபந்தனை என்று பிடித்துக்கொண்டார் கராசே. நிபந்தனையோடு ஏற்பது மறுப்பதற்குச் சமம் என்று சொல்லி, தொழிற்கட்சியை விட்டுவிட்டு அமைச்சரவையை அமைத்தார். இந்த ஒரு கடிதப் போக்குவரத்தை ஒட்டி எழுந்த வழக்குகள் 2004 வரை இழுத்தன.

ஃபிஜியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தக் கடிதத்தைக் காட்டித்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். மனம் ஒவ்வாதவர்களைச் சட்டம் போட்டு ஒரே மேசையில் உட்கார வைக்க முடியாது, கட்டாய அதிகாரப் பகிர்வு தன் பாரம் தாங்காமல் தானே முறிந்தது என்பது அவர்கள் முடிவு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1987 முதல் 2006 வரை அங்கே நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. பூர்விக ஃபிஜியர், இந்திய வம்சாவளியினர் என்ற இரு இனத்தவரும் சேர்ந்து ஆள ஒப்புக்கொண்ட 1987 உடன்பாடு இரண்டே நாளில் ஆயுதத்தால் கலைக்கப்பட்டது. இரு இனத்தவரும் அமர்ந்த 1999 அமைச்சரவைக்கு ஓராண்டு ஆயுள். 99-ஆம் பிரிவு எழுதியபடியே அமைந்த 2006 அமைச்சரவைக்கு ஏழு மாதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. சட்டத்தை மீறிப் பகிர மறுத்த 2001 அரசு மட்டும் ஏறக்குறைய ஐந்தாண்டு நின்றது. பகிர்வு பொருந்தாமல் தானாகச் சிதைந்தது என்றால், பகிர மறுத்தவர் மட்டும் நிலைத்தது எப்படி? அமைச்சரவைக்குள் இருந்த பூசல்களைவிட, அமைச்சரவைக்கு வெளியே நின்ற படையின் இடத்தை எந்த உடன்பாடும் வரையறுக்காமல் விட்டதே பெரிய பிழை என்று நான் கருதுகிறேன்.

இந்தச் சிக்கலின் வேர் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. 1874-இல் பிரிட்டனின் கைக்குப் போன ஃபிஜிக்கு 1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. 1916-க்குள் சுமார் 60,000 பேர் வந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன ஏறத்தாழ 15,000 பேரில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் இருந்தார்கள். பாரதி நெஞ்சு பதைத்துப் பாடியது இவர்களுடைய பெண்களை நினைத்துத்தான். 1926-இல் அவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளும் கோயில்களும் நடத்துகிறது. கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு போட்டார்கள். நிலத்தின் பெரும்பகுதி, எண்பது விழுக்காட்டுக்கு மேல், பூர்விக ஃபிஜியரின் குலங்களுக்கே உரியது; அதை விற்கமுடியாது. ஆக நிலம் ஒருவரிடம், உழைப்பும் கடையும் இன்னொருவரிடம் என்று காலனி அரசு பிரித்து வைத்த ஏற்பாடு அப்படியே வாக்குச்சீட்டிலும் இறங்கியது. 1970-இல் விடுதலை வந்தபோதும் இனவாரித் தொகுதிகள் நீடித்தன. 1986 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் 48.7 விழுக்காடு, பூர்விக ஃபிஜியர் 46 விழுக்காடு. எந்தத் தேர்தலும் இனக் கணக்காகவே படிக்கப்பட்டதற்கு இந்த எண்களே போதும். படை மட்டும் இந்தக் கணக்குக்கு அப்பால் இருந்தது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பூர்விக ஃபிஜியர். 1978 முதல் லெபனானிலும் பிறகு சினாய் பாலைவனத்திலும் அமைதிகாப்புப் பணிக்குப் போய்வந்து, ஒரு சிறு தீவுநாட்டுக்குத் தேவையானதைவிட அது பெரிதாக வளர்ந்துவிட்டது.

1987 ஏப்ரலில் தொழிற்கட்சியும் தேசிய கூட்டாட்சிக் கட்சியும் சேர்ந்து 52 இடங்களில் 28 பிடித்தன. பிரதமரான டாக்டர் திமோதி பவத்ரா பூர்விக ஃபிஜியர். அவருக்குப் பின்னால் இருந்த வாக்குகளில் பெரும்பங்கு இந்தியருடையது. மே 14, லியோனிடாஸ் வந்து 108 ஆண்டு நிறைந்த அதே நாள், காலை பத்து மணிக்கு முகமூடி அணிந்த படையினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்துவந்தார் லெப்டினன்ட் கர்னல் சிதிவேனி ரபுகா. துப்பாக்கிக் குழலிலிருந்து பிறக்கும் அரசியல் ஃபிஜியில் கிடையாது என்ற பொருளில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அந்நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்பதை அவைக் குறிப்பே காட்டுகிறது. அதற்குப் பின் வந்த நான்கு மாதங்கள் பலரும் மறந்துவிட்ட மாதங்கள். கவர்னர் ஜெனரல் ராத்து சர் பெனாயா கனிலாவின் முன்முயற்சியில், தோற்ற கட்சியும் கவிழ்க்கப்பட்ட கட்சியும் பேசத் தொடங்கின. செப்டம்பர் 23 அன்று தெயூபா உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம், கவர்னர் ஜெனரல் தலைமை, புதிய சாசனம் எழுதும்வரை பொது ஆட்சி. நெடுநாள் பிரதமராக இருந்த ராத்து சர் கமிசேசே மாராவும் பவத்ராவும் ஒரே ஆவணத்துக்கு இணங்கினார்கள். செப்டம்பர் 25 அன்று ரபுகா இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்தார். அக்டோபரில் நாடு குடியரசானது, காமன்வெல்த் உறுப்புரிமை போயிற்று. தலைவர்கள் சண்டையிட்டதால் முறிந்த உடன்பாடு அல்ல இது. தலைவர்கள் ஒத்துப்போனதுதான் முறித்தவருக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அந்த உடன்பாடு நிறைவேறினால் மே மாதக் கவிழ்ப்பு எதற்காக நடந்தது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது.

1990 சாசனம் 70 இடங்களில் 37-ஐப் பூர்விக ஃபிஜியருக்கு ஒதுக்கியது, பிரதமர் பதவியையும் அவர்களுக்கென்றே வைத்தது. இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். பிரதமராகியிருந்த ரபுகாவே சில ஆண்டுகளில் இது நிலைக்காது என்று உணர்ந்து சாசன மறுஆய்வுக்கு இணங்கினார். சர் பால் ரீவ்ஸ் தலைமையில், தோமாசி வகடோரா, வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஆகியோர் அடங்கிய ஆணையம் 1996-இல் அறிக்கை தந்தது. 70 இடங்களில் 45 இனக்குறிப்பற்ற பொதுத்தொகுதிகள் என்பது அதன் பரிந்துரை. வாக்குக் கேட்கும்போதே வேட்பாளர் இரு இனத்தவர் வீட்டு வாசலுக்கும் போகவேண்டும், கூட்டணி அங்கேயே தொடங்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமைச்சரவையில் கட்டாயப் பங்கு என்று அவர்கள் எழுதவில்லை. நாடாளுமன்றக் குழு இதைத் தலைகீழாகத் திருப்பியது: 71 இடங்களில் 46 இனவாரி, பொதுத்தொகுதி 25 மட்டும். இனவாரித் தேர்தலில் பிரிந்து நிற்பவர்களை அமைச்சரவையில் ஒட்டவைக்க 99-ஆம் பிரிவு சேர்ந்தது. தெருவில் ஒருவரை ஒருவர் திட்டி வாக்கு வாங்கியவர்களை மறுவாரம் ஒரே கூட்டத்தில் உட்காரச் சொன்ன சட்டம் இது. குறை அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் கேடான ஒரு வரி அதே சாசனத்தின் 112-ஆம் பிரிவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. 1990 சாசனம் நிறுவிய ராணுவம் தொடர்ந்து நீடிக்கும் என்றது அந்த வரி. நாட்டின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் ஒட்டுமொத்தப் பொறுப்பு ராணுவத்துக்கு என்று 1990 சாசனம் சொல்லியிருந்தது. அந்தப் பொறுப்பும் கூடவே நீடிக்கிறது என்று பின்னாளில் தளபதி வாதிட இந்த ஒரு வரி போதுமானதாயிற்று.

1999 மேயில் தொழிற்கட்சி தனித்தே 37 இடங்களில் வென்றது, சவுத்ரி பிரதமரானார். பூர்விக ஃபிஜியரின் கட்சிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். அமைச்சர்களில் பாதிக்கு மேல் பூர்விக ஃபிஜியரே. ரபுகாவின் எஸ்.வி.டி. கட்சிக்குச் சரியாக 8 இடம், அதாவது பத்து விழுக்காட்டுக் கோட்டை நூலிழையில் தாண்டியிருந்தது. அழைப்பு போனது. துணைப் பிரதமர் பதவி உள்ளிட்ட நிபந்தனைகளோடு பதில் வந்தது. நிபந்தனை போட்டால் மறுத்ததாகத்தான் பொருள் என்று சவுத்ரி கதவைச் சாத்தினார். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி அவர் செய்ததில் தவறில்லை. ஆனாலும், தனிப்பெரும்பான்மை கையில் இருந்த ஒரு பிரதமர், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஆயுதத்தால் தன் கட்சியின் அரசைக் கவிழ்த்தவரின் கட்சியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் எதிர்ப்பின் கூர் மழுங்கியிருக்கும். இரண்டு ஆண்டு கழித்துக் கராசே எடுத்த வாதம் முழுக்க சவுத்ரியின் கையிலிருந்து வாங்கியதுதான்.

2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பெய்ட் என்ற வணிகர், படையின் சிறப்புப் பிரிவு ஆட்களோடு நாடாளுமன்றத்தைப் பிடித்தார். சவுத்ரியும் அவர் சகாக்களும் 56 நாள் பிணைக்கைதிகள். மே 29-இல் தளபதி ஃபிராங்க் பைனிமராமா அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துச் சாசனம் ரத்து என்று அறிவித்தார். பிணையில் இருந்தவர்கள் வெளிவந்தார்கள், ஸ்பெய்ட் கைதானார். சவுத்ரி மட்டும் நாற்காலிக்குத் திரும்பவில்லை. வங்கியாளரான கராசே இடைக்காலப் பிரதமராக உட்கார்த்தப்பட்டார். நவம்பரில் படைமுகாமுக்குள்ளேயே கலகம் வெடித்து எட்டுப் படையினர் செத்தார்கள். அதே நவம்பரில், கலவரத்தில் வீடிழந்த ஒரு விவசாயி தொடுத்த வழக்கில் லௌடோகா உயர் நீதிமன்றம் 1997 சாசனம் உயிரோடுதான் இருக்கிறது என்றது. 2001 மார்ச் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கவிழ்ப்புக்குப் பின் அமைந்த அரசு ஒன்று ஒரு நீதிமன்றத்தின் சொல்லுக்குப் பணிந்து தேர்தலுக்குப் போனது உலகில் அபூர்வம். ஃபிஜியின் நீதிபதிகளுக்குரிய பெருமை அது.

அந்தத் தேர்தலில் கராசேயின் எஸ்.டி.எல். கட்சிக்கு 32 இடம், தொழிற்கட்சிக்கு 27. ஸ்பெய்ட் ஆதரவாளர்களின் கன்சர்வேட்டிவ் கூட்டணிக்கு 6; சிறையிலிருந்தபடியே ஸ்பெய்டும் அதில் ஒருவராக வென்றார். இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு எழுகிறது. 2001 முதல் 2004 வரை எந்தப் படையும் தடுக்கவில்லையே, கராசே தானே முன்வந்து பகிர மறுத்தாரே, இதற்கும் துப்பாக்கியா காரணம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எண்களை எடுத்துப் பார்ப்போம். பெரும்பான்மைக்குத் தேவை 36. சட்டம் காட்டிய வழியில் போயிருந்தால் 32-உம் 27-உம் சேர்ந்து 59 ஆகியிருக்கும். கராசே தேர்ந்தது பத்து விழுக்காட்டுக் கோட்டைத் தொடாத, அழைக்கவேண்டிய கடமையே இல்லாத, அந்த ஆறு பேரை. அவர்களுடைய கட்சியைச் சேர்ந்த நிலத்துறை அமைச்சர், 2000 கலவரகாலச் செயலுக்காக 2005-இல் சிறைக்குப் போனார். ஸ்பெய்டின் கீழ்ப் பதவிப் பிரமாணம் எடுத்த குற்றத்துக்காக அரசின் துணை அதிபரே 2004-இல் தண்டனை பெற்றார். நாடாளுமன்றத்தைப் பிடித்தவர்களின் வாரிசுகளுக்கு இடம் கொடுத்து, பிடிபட்டவர்களின் கட்சிக்கு மறுத்தது அந்த அமைச்சரவை. ஆயுதம் ஏந்தியவர்களை வெளியே விட்டால் மறுபடியும் வருவார்கள் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. கராசேயின் பிடிவாதத்தை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இலும் உச்ச நீதிமன்றம் 2003 ஜூலை 18 அன்றும் தொழிற்கட்சிக்கு அமைச்சரவையில் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தன. கராசே தன் ஆட்கள் ஒருவரையும் விலக்காமல், அமைச்சரவையைப் பெரிதாக்கி, கனமில்லாத துறைகளைத் தொழிற்கட்சிக்கு நீட்டினார். எத்தனை பேர் என்ற கணக்குக்கு மறுபடி நீதிமன்றம். 2004 முடிவதற்குள் சவுத்ரி சலித்துப்போய் எதிர்க்கட்சி வரிசையே போதும் என்றார். நீதிமன்றம் ஒரு கட்சிக்கு நாற்காலி வாங்கித் தரலாம்; எந்தக் கோப்பு அந்த நாற்காலிக்கு வரும் என்பதைத் தீர்மானிக்க அதனால் முடியாது.

2006 மே தேர்தலில் எஸ்.டி.எல். 36, தொழிற்கட்சி 31. கராசே இம்முறை கடிதத்தில் மறுப்பை மறைத்து வைக்கவில்லை. ஒன்பது தொழிற்கட்சியினர் உண்மையான துறைகளோடு அமைச்சரானார்கள். அவர்களில் ஒருவர் கிருஷ்ண தத். 1987-இல் பவத்ராவின் வெளியுறவு அமைச்சராக இருந்து, பதவியேற்ற ஒரே மாதத்தில் துப்பாக்கி முனையில் நாடாளுமன்றத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர், பத்தொன்பது ஆண்டு கழித்து, தான் எதிர்த்துப் போட்டியிட்ட பிரதமரின் கீழ்த் தொழிலாளர் துறையை ஏற்றார். இது எளிய காரியமில்லை. சவுத்ரி தான் வெளியே நின்றுகொண்டார், எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கும் உரிமை கோரினார். அமைச்சர்கள் கட்சிக்குக் கட்டுப்பட்டவர்களா, அமைச்சரவைக்கா என்ற கேள்வி நவம்பரில் வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பின்போது வெடித்தது. மதிப்புக் கூட்டு வரியை 12.5-இலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தும் திட்டம் அது; கட்சி எதிர்த்தது, ஒன்பது பேரும் இடையில் மாட்டிக்கொண்டார்கள். பகிர்வு தானே முறிந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எந்தக் கூட்டணி அரசிலும் முதல் பட்ஜெட்டில் வரும் இழுபறிதான் இது. அமைச்சரவைக்கான நடைமுறை விதிகளைப் பேசி எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்கு நாள் கிடைக்கவில்லை. டிசம்பர் 5 அன்று பைனிமராமா ஆட்சியைக் கலைத்தார்.

பைனிமராமா கலைத்தது பகிர்வுக்கு எதிராக இல்லையே, 2000 குற்றவாளிகளுக்கு மன்னிப்பு தரும் மசோதாவையும், கரையோர உரிமைகளைப் பூர்விகக் குலங்களுக்கு மாற்றும் கோலிகோலி மசோதாவையும் எதிர்த்துத்தானே, இந்தியருக்கு அவர் நண்பர்தானே என்பது அடுத்த மறுப்பு. அந்த மசோதாக்கள் ஆபத்தானவை என்று நானும் கருதுகிறேன். ஆனால் அவற்றை எதிர்க்க முதல்முறையாக அமைச்சரவைக்குள்ளேயே ஒன்பது பேர் இருந்தார்கள், நாடாளுமன்றத்தில் 31 பேர் இருந்தார்கள், தன் பங்கைச் செய்து காட்டிய நீதிமன்றங்கள் இருந்தன. நவம்பர் 29 அன்று வெலிங்டனில் பைனிமராமாவுடன் நடந்த பேச்சில் கராசே பின்வாங்கவும் இசைந்திருந்தார். நோக்கம் எதுவானாலும், நாட்டின் நலனுக்கு இறுதிப் பொறுப்பு தன்னுடையது என்று படை நம்பியவரை, எந்த அமைச்சரவையும் அதன் இரவல் இடத்தில்தான் இருந்தது. 2007 ஜனவரியில் சவுத்ரி பைனிமராமாவின் இடைக்கால அரசில் நிதியமைச்சரானது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகத் துயரமான பக்கம். தேர்தல் தந்த கூட்டு அமைச்சரவைக்குள் போக மறுத்தவர், இரண்டு முறை கவிழ்ப்பில் சிக்கியவர், மூன்றாம் கவிழ்ப்பின் அமைச்சரவைக்குள் போனார். 2008 ஆகஸ்டில் வெளியேறினார். 2009 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 கவிழ்ப்பு சட்டவிரோதம் என்றது. மறுநாளே அதிபர் சாசனத்தை ரத்து செய்தார், 99-ஆம் பிரிவும் அதோடு போயிற்று.

நிலம் பறிபோகும் என்ற பூர்விக ஃபிஜியரின் அச்சத்தை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்த அச்சம் உண்மையானது. மக்கள்தொகையில் சிறுபான்மையாகி நின்ற ஒரு பூர்வகுடிக்கு, நியூசிலாந்தில் நிலமிழந்த மாவோரி மக்களின் கதை கண்முன்னே இருந்தது. ஆனால் 1997 சாசனம் அதற்கு விடை வைத்திருந்தது. 32 பேர் கொண்ட செனட்டில் 14 பேரைப் பூர்விகக் குலத்தலைவர்களின் மகாசபை நியமித்தது. நிலச் சட்டங்களில் அவர்கள் இசைவில்லாமல் கைவைக்க முடியாது. 2007 கணக்கெடுப்பில் பூர்விக ஃபிஜியர் 56.8 விழுக்காடு, இந்திய வம்சாவளியினர் 37.5. பெரும்பான்மை கிடைத்த பிறகும் கவிழ்ப்புகள் நிற்கவில்லை என்பதே, அச்சம் மட்டும் அவற்றுக்குக் காரணம் அல்ல என்பதைக் காட்டுகிறது.

2013 சாசனம் இனவாரித் தொகுதிகளை ஒழித்தது, கட்டாயப் பகிர்வையும் கைவிட்டது. 2022 டிசம்பர் 24 அன்று 28-க்கு 27 என்ற வாக்கில் பிரதமரானார் ரபுகா. 1987-இல் அவர் கவிழ்த்த கூட்டணியில் இருந்த தேசிய கூட்டாட்சிக் கட்சியின் தலைவர் பிமன் பிரசாத் துணைப் பிரதமரும் நிதியமைச்சரும் ஆனார். 2023 மேயில் 1987 கவிழ்ப்புக்காக ரபுகா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விரும்பிச் சேர்ந்தால் போதும், சட்டம் வேண்டியதில்லை என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். விருப்பம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஓர் உறுப்பினர் வித்தியாசத்தில் அமைந்த அந்த அரசைப் படை ஏற்குமா என்று அந்த டிசம்பரில் நாடே தலைமையகத்தின் அறிக்கைக்காகக் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பதையும் அவர்கள் சொல்லவேண்டும். 2013 சாசனத்தின் 131-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கும் எல்லா ஃபிஜியரின் நலனுக்கும் ஒட்டுமொத்தப் பொறுப்பை ராணுவத்திடமே வைத்திருக்கிறது. 1997-இல் 112-ஆம் பிரிவின் நிழலில் ஒளிந்திருந்த அந்த வாசகம், இப்போது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது.